வார்டு பழக்கம்

மார்ச் 6

அடியே லென்சு,

நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டோம். வந்த அன்று போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் நான் செய்யவில்லை. போனில் பேசினால் நான் அழுவேன், நீ கட் பண்ணுவாய். கடிதம் என்றால் கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறையாவது படிப்பாய். லேடீஸ் ஹாஸ்டலில் அத்தனை வருஷம் ஒரே அறையில் கிடந்தவளுக்கு உன்னைத் தெரியாதா? பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படிக்கிறவள் நீ.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். லீவு என்றால் எனக்கு உடம்பு சரியில்லாத லீவு, இல்லாவிட்டால் யாராவது செத்துப்போன லீவு. சும்மா இருப்பதற்கென்று ஒரு லீவு போட்டு, விமானம் ஏறி, நீ வாழ்கிற ஊரைப் பார்த்து, அங்கிருந்து உன்னோடு ஒரு தீவுக்கும் போவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் காய்ச்சல் பார்த்திருப்பேன். கதவைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் கடல். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு என் கால் நகத்தில் பாலிஷ் உரிந்திருப்பதைப் பார்த்தேன், அவ்வளவு தெளிவு. டிரைவிங் சொல்லிக்கொடுக்கிற என் வீட்டுக்காரர் அங்கேயும் டிரைவிங் மாஸ்டர்தான். படகில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாரே, பார்த்தாய் அல்லவா? "தம்பி, திரும்பறப்ப கை காட்டணும்பா" என்று படகுக்காரனிடம் தமிழிலேயே சொன்னார். அவனும் என்னவோ புரிந்த மாதிரி கையைக் காட்டினான். நீ ஊரிலிருந்து குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து, தீவில் ரசம் வைத்துக் கொடுத்தாய். எங்களுக்காக உன் கடையில் எத்தனை நாள் கூடுதல் வேலை பார்த்து அந்த லீவை வாங்கினாய் என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். நீ சொல்லவில்லை. அதெல்லாம் என் மனசில் இருக்கிறது.

இப்போது அந்த விஷயம். மூன்றாம் நாள் உன் வீட்டுக் குட்டி கடல் முள்ளெலியை மிதித்துவிட்டாள். உன் வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடி வந்தார். உள்ளங்கால் முழுக்கக் கறுப்பு கறுப்பாய் முள். அதைப் பார்த்த நிமிஷத்தில் நான் தீவில் இல்லையடி, வார்டில் இருந்தேன். இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் குழந்தைகள் வார்டு எனக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் எந்தப் பொம்பளை நின்றாலும் அம்மாதான். அத்தை நின்றாலும் அம்மா, பக்கத்து வீட்டுக்காரி நின்றாலும் அம்மா. யார், என்ன உறவு என்று கேட்கிற நேரமா அது? அந்த வாயோடுதான் உன்னைப் பார்த்து, "அம்மா, நீங்க வந்து காலை இறுக்கிப் பிடிங்க" என்றேன். அவளிடம், "அம்மா கையைப் பிடிச்சுக்கோ கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"இவங்க எங்க அம்மா இல்ல! எங்க அம்மா செத்துப் போயிட்டாங்க!"

அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. மொழி தெரியாத படகுக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். உன் முகத்தை நான் பார்த்தேன். அதற்கப்புறம் கிளம்புகிறவரை நீ அந்த வாடகை வீட்டின் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. விமான நிலையத்தில் காரை விட்டுக்கூட இறங்கவில்லை. கை மட்டும் ஆட்டினாய்.

தப்புதான். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை. குட்டியின் கால் எப்படி இருக்கிறது என்று மட்டுமாவது ஒரு வரி எழுது.

உன்
ஊசி

மார்ச் 19

ஊசிக்கு,

கிழிக்கவில்லை. சந்தோஷமா?

சாப்பாட்டு வேளையில் கடையின் பின்னறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முன்னால் விதவிதமாகப் பிரேம் மாட்டி வைத்திருக்கும் பளபளப்பெல்லாம் வாடிக்கையாளருக்கு. பின்னறையில் நானும் லென்ஸ் தேய்க்கிற இயந்திரமும்தான். அது கத்துகிற கத்தலில் அழுதால்கூட யாருக்கும் கேட்காது. அழவில்லை, சும்மா சொல்கிறேன்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா? விளிம்பில்லாத பிரேமில் லென்ஸ் மாட்டுவதை நீ பார்த்திருக்கிறாய். ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் ஆடும், கொஞ்சம் அதிகம் முறுக்கினால் கண்ணாடி தெறித்துவிடும். இரண்டு வருஷமாக நான் அப்படித்தான் பார்த்துப் பார்த்து நடந்தேன். இவரைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த நாட்டுக்கு வந்த அன்றே, "என்னை என்ன வேணும்னாலும் கூப்பிடு, கூப்பிடாமலும் இரு" என்று இவர் மகளிடம் சொன்னேன். அவள் கூப்பிடாமலே இருந்துவிட்டாள். பரவாயில்லை என்று இருந்தேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. சாப்பிட்டு முடித்ததும் "தேங்க்ஸ்" என்பாள். துணி மடித்து வைத்தால் "தேங்க்ஸ்". பிரிட்ஜைத் திறக்க, "திறக்கலாமா?" என்று கேட்பாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, தன் போர்வையைத் தானே மடித்துத் தலையணைக்கு மேல் வைத்துவிட்டுப் போகும். பார்க்கிறவர்கள் எல்லாம், "எவ்வளவு நல்ல பொண்ணு, நீங்க குடுத்து வெச்சவங்க" என்பார்கள்.

நீ ஒரே ஒரு "அம்மா" போட்டாய். எல்லாம் போச்சு.

திரும்பி வந்த வாரமே இவர் அவளுடைய பெரியம்மாவிடம் பேசிவிட்டார். பெரியம்மா என்றால் இறந்துபோனவரின் சொந்த அக்கா. "பொண்ணு இங்க ஒட்ட மாட்டேங்கிறா, உங்ககிட்டயே இருந்து படிக்கட்டும்" என்று இவர் சொன்னாராம். "என் தங்கச்சி பொண்ணு, நான் பார்க்காம யார் பார்ப்பா?" என்று அவர் சொன்னாராம். நல்லவர் அவர். அதுதான் கஷ்டம், திட்டக்கூட முடியவில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் மே மாதக் கடைசியில் அவரிடம் ஊருக்கு அனுப்புவது என்று பேச்சு.

அவளைக் கேட்டார். "உங்க இஷ்டம்" என்றாள். என்னைக் கேட்டார். நானும் "உங்க இஷ்டம்" என்றேன்.

அவள் போகக் கூடாது ஊசி. இவரிடம் இதை நான் சொல்லவில்லை. பெற்ற அப்பா ஒரு முடிவு எடுக்கும்போது குறுக்கே நிற்க நான் யார்? உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அதுவும் உன் மேல் இவ்வளவு கோபம் இருக்கிறபோது. எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

கால் பரவாயில்லை. லேசாக நொண்டுகிறாள். கேட்டால் வலிக்கவில்லை என்கிறாள்.

லென்சு

ஏப்ரல் 2

அடி மக்கு,

உன் கடிதத்தை டூட்டி மாற்றுகிற அறையில் நின்றுகொண்டே படித்தேன். எனக்கு வந்த கோபத்தில் ஒரு தெர்மாமீட்டரைக் கீழே போட்டுவிட்டேன். முதலில் கால். நொண்டினால் உள்ளே முள் நுனி இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு நான் எடுத்தது கண்ணுக்குத் தெரிந்ததைத்தான். வீங்கினாலோ தொட்டால் சுட்டாலோ டாக்டரிடம் ஓடு. அவள் வலிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதே. அவள் எதற்குத்தான் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்?

இப்போது நான் சொல்வதைக் கேள். கோபப்பட்டுக்கொண்டே கேள், பரவாயில்லை.

எங்கள் வார்டில் ஊசி போட்டால் அசையாமல் படுத்திருக்கிற பிள்ளைகள் உண்டு. "சமத்து" என்போம். "தேங்க்யூ சிஸ்டர்" என்றுகூடச் சொல்லும். சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் அதன் சொந்த மனுஷி வாசலில் தலையைக் காட்டியதும் பார்க்க வேண்டுமே. அதுவரை எங்கேயோ வைத்திருந்த அழுகையெல்லாம் கொட்டும். அடிக்கும், கடிக்கும், "ஏன் விட்டுட்டுப் போனே, நீ போ" என்று தள்ளிவிடும். ஊசி போட்டவள் நான், அடி வாங்குகிறவள் அவள். புதிதாக வரும் நர்ஸ்கள் பயந்துவிடுவார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டு திரையை இழுத்துவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அன்றைக்கு முள்ளைப் பிடுங்கியது யார்? நான். அவள் உதைத்தது யாரை? உன் தோளில் நீலம் பாரித்திருந்ததே, சமையலறையில் நீ சட்டைக் கையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாயே, அது யார் உதைத்தது? என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள். எனக்கு "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். கேட்டாயா? எனக்குத் தேங்க்ஸ்!

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாய், அதனால் பார்க்கவில்லை. "எங்க அம்மா இல்ல" என்று கத்தினாளே, அப்போது அவள் வலது கை உன் துப்பட்டா முனையைப் பிடித்திருந்தது. உதைக்கும்போதும் விடவில்லை. எல்லாம் முடிந்து சுடுதண்ணீரில் காலை வைக்க அவளைத் தூக்கும்போது, நான்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். அவ்வளவு இறுக்கம்.

நீ அவளை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி வைத்திருக்கிறாய். அவளும் நல்ல விருந்தாளியாக இருக்கிறாள். இதற்குமேல் நான் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் உன் வீட்டுக்காரரிடம் வாயைத் திற. "உங்க இஷ்டம்" என்று இரண்டு பேரும் சொன்னால் அந்த மனுஷன் வேறு என்னதான் செய்வார்?

மாஸ்டர் உன் ரசத்தைக் கேட்கிறார். நான் வைப்பது ரசமே இல்லையாம்.

ஊசி

ஏப்ரல் 20

ஊசி,

உன் கடிதம் வந்த அன்று அவள் கால் நிஜமாகவே வீங்கியிருந்தது. இவருக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நைட் ஷிப்ட். நானே டாக்சி பிடித்து அழைத்துப் போனேன். மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, அரிசி உடைசல் அளவு ஒரு முனையை எடுத்துக் காட்டினார் டாக்டர். தையல் பிரிக்கும் வரை தண்ணீரில் காலை வைக்கக் கூடாது என்றார். நீ மட்டும் எழுதாமல் இருந்திருந்தால் நான் இன்னும், "அவதான் வலிக்கலைன்னு சொல்றாளே" என்று இருந்திருப்பேன். நீ நல்லா இருப்பாய்.

இனிமேல்தான் கதையே.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் நீச்சல் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்களாம். அவள் வந்து, "நாளைக்கு நான் நீச்சலுக்குப் போறேன்" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். வழக்கமாக நான் என்ன சொல்வேன்? "அப்பாவைக் கேட்டுக்கோ" என்பேன். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. உன் கடிதம் வேறு தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

"போகக் கூடாது" என்றேன்.

"பிளாஸ்டிக் கவர் கட்டிட்டுப் போவேன்."

"கவரும் கூடாது, கட்டுறதும் கூடாது. தையல் பிரிக்கிற வரைக்கும் குளத்துப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

"அதைச் சொல்ல நீங்க யாரு?"

ஊசி, இந்தக் கேள்விக்குப் பயந்துதானே இரண்டு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். வந்தே விட்டது. என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "ஆஸ்பத்திரியில உன் காலைக் கீறறப்ப பக்கத்துல நின்னு மயக்கம் போட்டு விழப் பார்த்தவ! இந்த வீட்ல உனக்குச் சோறு போடறவ! நான் கூடாதுன்னா கூடாதுதான்!" என்று கத்தினேன். கரண்டியை வேறு ஆட்டிக்கொண்டு. அவளும் விடவில்லை. நான் வைக்கிற சாம்பார் தண்ணியாம். நான் மடிக்கிற துணி எல்லாம் கோணலாம். அவள் அறைக்குள் கேட்காமல் போய் ஜன்னலைத் திறக்கிறேனாம். "ஜன்னலைத் திறக்காம நாத்தமடிக்க விடணுமா?" என்றேன். "என் ரூம், என் நாத்தம்!" என்றாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. இவர் ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்தவர், காலணியைக் கழற்ற மறந்து நின்றார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "என்னாச்சு, யாருக்கு என்னாச்சு?" என்றார் பாவம்.

அவள் கதவை அறைந்து சாத்தினாள். ஐயோ, தெறித்துவிட்டதே என்று இருந்தது. பதினைந்து நிமிஷம் கழித்து வந்தாள். தட்டை எடுத்துச் சாப்பிட்டாள். அந்தத் தண்ணிச் சாம்பாரை இரண்டு தரம் ஊற்றிக்கொண்டாள். எழுந்து போனாள். "தேங்க்ஸ்" இல்லை. தட்டைக் கழுவவும் இல்லை. பிரிட்ஜைக் கேட்காமல் திறந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பாட்டிலைத் திரும்பவும் வைக்காமல் போனாள்.

அந்த எச்சில் தட்டைக் கழுவும்போது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. உனக்குப் புரியும்.

சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தினம் ஏதாவது. நேற்று சாக்ஸுக்கு.

ஆனால் இவரிடம் இன்னும் சொல்லவில்லை. டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, அனுப்புவதுதான் நல்லது என்று இன்னும் உறுதியாகிவிட்டார்போல.

லென்சு

மே 3

லென்சு,

டூட்டிக்கு நேரமாகிவிட்டது, நாலு வரிதான். எச்சில் தட்டு என்கிற இடத்தில் நான் அழுதுவிட்டேன். மாஸ்டர், "என்ன, யாராவது போயிட்டாங்களா?" என்றார். "இல்லைங்க, ஒருத்தி வந்துட்டா" என்றேன்.

இன்றைக்கே உன் வீட்டுக்காரரிடம் சொல். தையல், சாம்பார், சாக்ஸ் எதையும் விளக்காதே. "அவ போகக் கூடாது, எனக்கு வேணும்" என்று மட்டும் சொல். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி போகாது என்று சொல்லச் சொல்கிறார் மாஸ்டர்.

ஊசி

மே 18

என் ஊசி,

சொன்னேன். நீ சொன்ன மாதிரியே, தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "அவ போகக் கூடாது. எனக்கு வேணும்." சொல்லிவிட்டு டம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தேன்.

இவர் அப்படியே என்னைப் பார்த்தார். "நீ கஷ்டப்படறியேன்னுதானே நான் அனுப்பலாம்னு சொன்னேன்?" என்றார். "அன்னிக்குத் தீவுல உன் மூஞ்சியைப் பார்த்து எனக்குத் தாங்கல. நீயும் ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லல." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மனுஷனை என்னவென்று சொல்ல? ஒருவருக்கொருவர் நல்லது செய்கிறோம் என்று நினைத்து, ஒரு பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவிட இருந்தோம். ஆனாலும், "அவளா இருக்கணும்னு சொல்லணும், நாம பிடிச்சு வைக்கக் கூடாது" என்றார். அது நியாயம்தான். பயந்துகொண்டே சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா கூப்பிட்டார். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பொண்ணு சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, என் பக்கம் இருக்க வேண்டிய மெத்தையையும் சேர்த்து இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா கண்ணு, டிக்கெட் எந்தத் தேதிக்குப் போடச் சொல்லட்டும்? உனக்குன்னு ரூமெல்லாம் வெள்ளையடிச்சு வெச்சிருக்கேன்."

கத்தி என் கையில் நின்றுவிட்டது. இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவளைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் முகத்தில் எழுதியிருப்பதை அவள் படித்துவிடுவாள் என்று பயம்.

"பெரியம்மா, இப்ப வர முடியாது" என்றாள்.

"ஏன்டா?"

"எனக்கும் இவங்களுக்கும் ஒரு சண்டை ஓடிட்டு இருக்கு. இன்னும் முடியல. நடுவுல விட்டுட்டு வந்தா நான் தோத்த மாதிரி ஆயிடும். முடிஞ்சதும் வர்றேன்."

பெரியம்மா சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது, சமாளித்துக்கொண்டார். "உங்க அம்மாகூட நான் இப்படித்தான் ஓயாம சண்டை போடுவேன். சரிடா. முடிஞ்சதும் சொல்லு" என்றார். அப்புறம், "அவங்ககிட்ட போனைக் குடு" என்றார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை ஊசி, "அவளை நீயே வெச்சுக்கோம்மா" என்றார், அவ்வளவுதான். எங்கேயோ இருக்கிற அந்த மனுஷியின் காலில் விழ வேண்டும் போல இருந்தது. அந்த வெள்ளையடித்த ரூமை நினைத்துக்கொண்டேன்.

போனை வைத்ததும் பொண்ணு, "வெங்காயத்தை இவ்ளோ பெருசாவா நறுக்குவாங்க?" என்றாள்.

உன் மேல் அவ்வளவு கோபப்பட்டேனே. நீ அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு, நாகரிகமாக, "மேடம், காலைப் பிடிங்க" என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் மரியாதையாக அவளை வழியனுப்பிவிட்டு, மடித்து வைத்த போர்வையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் வாய்க்கும், உன் வார்டுக்கும், முள்ளோடு உட்கார்ந்திருந்த அந்தப் பாழாய்ப்போன ஜந்துவுக்கும் நான் கும்பிடு போட வேண்டும். மாஸ்டரிடம் சொல், பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன் என்று.

நீச்சல், ஜன்னல், சாக்ஸ், வெங்காயம் எல்லாம் ஆகிவிட்டது. தையல் பிரித்தாயிற்று, இனி நீச்சல் கூடாது என்றும் சொல்ல முடியாது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவள் எதற்கோ சிரித்துவிட்டாள், எனக்குப் பகீரென்றது. இந்தச் சண்டை முடிந்துவிடக் கூடாது. அடுத்து எதைக் கூடாது என்று சொல்லலாம், யோசித்து உடனே எழுது.

உன்
லென்சு